பதினோராவது எழுத்து

பாண்டிச்செல்வியும் ரூத்தும் உடற்கல்விக் கல்லூரியில் ஒரே அறை, ஒரே கால்பந்து அணி. இருபது வருடம் ஆகிவிட்டது. இப்போது பாண்டிச்செல்வி திருமங்கலத்தில் பி.டி. டீச்சர், ரூத் கொட்டாம்பட்டிப் பக்கம் பி.டி. டீச்சர். நேரில் பார்ப்பது வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான். இடைப்பட்ட நாட்களில் அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு.

ஹாஸ்டல் நாட்களில் பிரவுசிங் சென்டரில் பழகியது. அதில் நாம் பந்தை உதைக்க முடியாது. மேனேஜராக இருந்து ஆள் வாங்கலாம், விற்கலாம், யாரை எங்கே நிறுத்துவது என்று சொல்லலாம். மேட்ச் தொடங்கினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரி வரியாக வரும். கார்னர் என்று வரும். பந்து உயர்ந்து வருகிறது என்று வரும். அப்புறம் மூன்று விநாடி ஒன்றுமே வராது. அந்த மூன்று விநாடியில் பாண்டிச்செல்விக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். பள்ளியில் அவள் தயார் செய்யும் அணியில் யார் ஆடுவது என்பதை வேறு யார் யாரோ முடிவு செய்தார்கள். இங்கே அவள் சொன்ன பதினோரு பேர்தான் இறங்குவார்கள்.

ஆட்டக்காரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். தங்கள் கல்லூரி அணியின் பெயர்களையே ஆங்கிலத்தில் வைத்தார்கள். முன்னால் நின்று கோல் போடுபவள் பாக்கியமேரி. நிஜ பாக்கியமேரி இப்போது எங்கே இருக்கிறாள் என்று இருவருக்கும் தெரியாது. ஒரு சீசன் ரூத் ஆடி, ஆட்டத்தைச் சேமித்த ஃபைலை வாட்ஸப்பில் அனுப்புவாள், அடுத்த சீசன் பாண்டிச்செல்வி. இரண்டு சீசனில் கடைசி இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

மூன்றாவது சீசன் ரூத்துடையது. ஃபைல் திரும்பி வந்தபோது அதில் பாக்கியமேரி இல்லை.

பாண்டிச்செல்வி உடனே போன் அடித்தாள். "அவள ஏண்டி வித்த?"

"நான் விக்கலடி. ஆட்டத்துல மே மாசம் வந்ததும் அதுவா 'கிளப்பை விட்டு விலகினார்'னு போட்டுருச்சு."

"அதுவா எப்படிப் போடும்? தப்பா எதையாச்சும் அமுக்கியிருப்ப. அமுக்கிட்டேன்னு சொல்லேன், என்ன இப்ப?"

"இல்லைங்கிறேன்ல?"

"பொய் சொல்லாத ரூத்து."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அதன் பிறகு ரூத் எடுக்கவில்லை.

பாண்டிச்செல்வியிடம் முந்தைய ஃபைல் இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் அதைத் திறந்து மூன்றாவது சீசனைத் தானே ஆடினாள். மே மாதம் பாக்கியமேரி விலகினாள். மறுபடி ஆடினாள். கேப்டன் ஆக்கினாள், சம்பளத்தை ஏற்றினாள், கேட்டு வந்த கிளப்புகளை எல்லாம் விரட்டினாள். விலகினாள். ஐந்தாவது தடவை நடுவிலேயே விளையாட்டு நின்றுபோய், இரண்டு நாள் ஆடியது வீணானது. மேசையில் ஓங்கிக் குத்தினாள். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது.

சத்தம் கேட்டு அவள் கணவன் தவசி வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தான்.

"எல்லாருக்கும் காண்ட்ராக்ட் எத்தன வருசம்னு நம்பர் போட்டிருக்கு. இந்தப் புள்ளைக்கு மட்டும் ஏன் 'ஒய்'னு நிக்குது?"

பாண்டிச்செல்வி எழுத்துகளை விரல்விட்டு எண்ணினாள். பாக்கியமேரி என்பதை ஆங்கிலத்தில் அவள் பதினோரு எழுத்தாக அடித்திருந்தாள். விளையாட்டில் இருந்ததோ பத்து எழுத்துக்குத்தான் இடம். கடைசி 'ஒய்' பக்கத்துக் கட்டத்தில் விழுந்து ஒப்பந்தத்தை அழித்துவிட்டிருந்தது. மூன்றாவது சீசன் முடிவில் விளையாட்டு முதல்முறையாக ஒப்பந்தங்களைப் பார்க்கும்போது இவளுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுகிறது. பெயரைச் சுருக்கிப் பார்த்தாள். 'ஒய்' போகவில்லை.

அந்தப் பெயரை அடித்தவள் பாண்டிச்செல்விதான்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணி போய், பஸ் மாறி கொட்டாம்பட்டியில் இறங்கினாள். ரூத் சர்ச்சிலிருந்து வந்து சேலைகூட மாற்றியிருக்கவில்லை. காபி கொடுத்தாள். பாண்டிச்செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனை தடவை ஆடினாள், எங்கே 'ஒய்' நின்றது, எல்லாம்.

"ஒன் மேல தப்பில்லடி. கண்டுபிடிச்சிட்டேன்."

ரூத் சிரிக்கவில்லை. "ரெண்டு வாரமா இதத்தான் பண்ணியா?"

"ஆமா."

"அந்தப் பொட்டி சொன்னாத்தான் நான் பொய் சொல்லலன்னு ஒனக்குத் தெரியுமா செல்வி? நான் சொன்னப்பத் தெரியலயா?"

பாண்டிச்செல்வி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். ரூத் இலை போட்டாள். இருவரும் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது பாண்டிச்செல்வி, "ஃபைல் அனுப்பட்டுமா? முதல்ல இருந்து ஆடலாம். பேர எல்லாம் சின்னதா வச்சிருவோம்" என்று கேட்டாள்.

"இப்ப வேணாம். எனக்கு ஆடணும்னு தோணல. தோணுச்சுன்னா சொல்றேன்."

பஸ் ஸ்டாப் வரை ரூத் கூட வந்தாள். பஸ் வந்ததும், "வீட்டுக்குப் போயிட்டு போன் பண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

"நீ எடுப்பியா?"

"பண்ணு, பாப்போம்."