மெஷின் மேல் பழி

மிக்ஸி, அயர்ன்பாக்ஸ், பிபி மெஷின் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன் நான். கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு ஐந்து நிமிடம் ஸ்டூலில் உட்கார்ந்தால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும். என் இதயம் தாளம் கெட்டு அடிக்கிறதாம். நாலு துடிப்பு ஒழுங்காகப் போகும், ஒன்று நொண்டும், பிறகு விட்டதைப் பிடிக்கப் பறக்கும். டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பேர் சொன்னார். வீட்டில் 'ஏட்ரியல்' என்று பாதியோடு நிறுத்திக்கொண்டோம். ரத்தம் கட்டாமல் இருக்கக் காலையும் மாலையும் மாத்திரை. ஸ்க்ரூடிரைவர் லேசாகக் கீறினாலும் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். வியாதிகூடப் பரவாயில்லை, 'பார்த்தா நல்லாத்தானே இருக்கே' என்கிறவர்களுக்குப் பதில் சொல்லித்தான் அலுத்துவிட்டது.

இது இருப்பது தெரிவதற்கு முன் நான் அடித்த கூத்து ஒன்று உண்டு. பிபி மெஷின் ரிப்பேருக்கு வந்தால் என் கையிலேயே கட்டிப் பார்ப்பேன். துடிப்பு ஒழுங்கில்லாத கையில் சில மெஷின்கள் குழம்பிப்போய் 'எரர்' காட்டும். அந்த விஷயம் எனக்கு அப்போது தெரியாது. என் கையைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை, வந்த மெஷினையெல்லாம் டப்பா என்று முடிவு கட்டினேன்.

அண்ணனுடைய மெஷினும் அப்படித்தான். அண்ணன் ரிட்டயர்டு வாத்தியார், வாய் ஓயாத மனுஷன். எப்போது கட்டினாலும் எரர் வருகிறது என்று கொண்டுவந்தார். என் கையில் கட்டினேன், எரர். மெஷின் போச்சு, தலையைச் சுற்றித் தூக்கிப் போடுங்கள் என்றேன். தம்பி சொன்னால் சரி என்று அதை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். ஆறாவது வாரம் பக்கவாதம். அவருக்கும் இதே ஏட்ரியல்தான். இதயத்தில் கட்டிய ரத்தம் மூளைக்குப் போயிருக்கிறது. பயந்துபோய் நானும் ஈசிஜி எடுத்தபோதுதான் என் வண்டவாளம் வெளியே வந்தது.

அண்ணனுக்கு வலது கை போயிற்று, பேச்சு முக்கால்வாசி போயிற்று. பகலெல்லாம் என் கடையில்தான் உட்கார்ந்திருப்பார். அந்த மெஷினில் ஒரு குறையும் இல்லை என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நேற்று பேக்கரிக்காரம்மா ஒரு மெஷினோடு வந்தார், எரர் வருகிறது என்று. என் கையை நம்புவதை நான் எப்போதோ விட்டாயிற்று. பக்கத்துக் கடைச் சாவிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் இதயம் அரைத்த மாவையே அரைக்கும், ஒரு துடிப்பு மாறாது. என் கை என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா என்று முணுமுணுத்துக்கொண்டே நீட்டினார். மெஷின் ஒழுங்காக எண் காட்டியது. அந்தம்மா கையில் மூன்று தரம் கட்டினேன், மூன்று தரமும் எரர். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். எனக்குப் பழகிய அதே நொண்டல்.

மெஷின் நன்றாக இருக்கிறது, இன்றைக்கே ஈசிஜி எடுத்துப் பாருங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. படபடப்பெல்லாம் வெறும் கேஸ் டிரபிள்தானாம். ரிப்பேர் பார்க்கத் துப்பில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறேனாம். மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்றுதான் முதலில் தோன்றியது, அவ்வளவு களைப்பு. அண்ணனைப் பார்த்தேன். இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இருங்கம்மா. இவர் என் அண்ணன். இவரும் இதே மாதிரிதான் கொண்டுவந்தார். மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன். அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்பியிருந்தா இந்தக் கை தப்பிச்சிருக்கும்."

சாவிக்காரர் மெல்ல நழுவினார். அந்தம்மா அண்ணன் கையைப் பார்த்தார். பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணன் வாயைத் திறந்தார். அவருக்கு ஒரு வார்த்தை வருவதற்குள் நமக்கு மூச்சு முட்டும். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டினால் நிம்மதியாக இருக்கும்.

"என்... மெஷின்... எங்கடா?"

மேஜை டிராயரின் அடியில் இருந்தது. கழற்றவும் மனசில்லாமல், தூக்கிப் போடவும் மனசில்லாமல் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. இடது கையால் என் சட்டைக் கையைச் சுருட்ட ஆரம்பித்தார். ஒற்றைக் கைதானே, நேரமாயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டையை நானே சுற்றிக்கொண்டேன், மெஷின் பட்டனை அவர் அழுத்தினார்.

எரர் வந்தது.

"நல்ல... மெஷின்டா" என்றார் அண்ணன்.