முன் கதவுச் சத்தம்

ஞானாம்பாள் ஸ்குரூடிரைவரை நீட்டினாள். மெக்கானிக் சுப்புராயன் வாங்காமல் நின்றார். வாசலில் அவள் புருஷன் மணவாளன் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். பிணத்தை விட்டுவிட்டு இவளுக்குக் கார் கொட்டகையில் என்ன வேலை என்று யாராவது தேடி வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

“முன் கதவ அவுருங்க தம்பி. உள்ள ஒரு கொட்டப்பாக்கு கெடக்கும்.”

அப்பாவின் கார் முன்னால் போகணும், பாடை பின்னால் வரணும் என்று மகன் இளவரசு சொல்லிவிட்டான். முன் கதவுக்குள் பாக்கு உருளும் அந்தச் சத்தமும் சுடுகாடு வரைக்கும் கூடப் போவதை அவளால் தாங்க முடியாது.

துரைமார் ஓட்டிய கார். மாமனார் ஏலத்தில் எடுத்தது. ஓடுவதே தெரியாமல் ஓட வேண்டும் என்பது மணவாளனின் பைத்தியம். அடியில் வில் பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் தடவுவார், கதவுச் சட்டத்தில் தோல் ஒட்டுவார், ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பார். ஸ்ரீமுஷ்ணத்தில் அவள் அம்மா இழுத்துக்கொண்டு கிடந்தபோது, அந்த ரோட்டில் போனால் வண்டியில் சத்தம் வந்துவிடும் என்று சொன்ன மகராசன். அவள் சேத்தியாத்தோப்பில் பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கருமாதி முடிந்து சிதம்பரம் திரும்பிய அன்றே, வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துக் கார்க் கண்ணாடி இறங்கும் இடுக்கில் போட்டாள். வரட்டும் சத்தம்.

வந்தது. வளைவில் திரும்பினால் லொடக். ஞாயிறு தவறாமல் மணவாளன் காரைக் கடலூர் முதுநகருக்கு, சுப்புராயன் பட்டறைக்கு ஓட்டிப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்பினார். அலையட்டும் என்று அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. சுனாமி வந்ததும் ஒரு ஞாயிறுதான். கடலூருக்குப் போன் கிடைக்காமல், தான் போட்ட பாக்கு அவரைக் கொன்றுவிட்டது என்று பகலெல்லாம் தில்லைக்காளியிடம் அழுதாள். அவர் முழுசாக வந்து நின்றபோது வாய் வரவில்லை. அதற்கப்புறமும் எத்தனையோ தடவை சொல்ல வந்து விழுங்கிவிட்டாள்.

சுப்புராயன் ஒருவழியாக உள்பலகையைக் கழற்றிக் கையை விட்டார். எடுத்ததை அவள் உள்ளங்கையில் வைத்தார். இத்தனை வருஷம் உருண்ட பாக்கு தேய்ந்து போயிருக்க வேண்டும். இது வரி வரியாக, நேற்றுக் கடையில் வாங்கினது மாதிரி இருந்தது.

“இது நான் போட்டது இல்லியே.”

“நீங்க போட்டத மொத வாரமே எடுத்துட்டோம் அண்ணி. தேஞ்சு சத்தம் கொறைஞ்சா, அண்ணனே வேற வாங்கியாந்து போடுவாரு.”

“எதுக்கு?”

அவர் நிமிராமல் பலகையை வைத்துத் திருகாணிகளை முடுக்கினார்.

“சத்தம் நின்னுட்டா ஞாயித்துக்கெழமையும் வூட்லயே கெடக்கணும்னாரு.”

வாசலில் அவளை வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். காருக்கு மாலையோடு இளவரசு வந்துகொண்டிருந்தான். ஞானாம்பாள் பாக்கை முந்தானையில் துடைத்தாள். கண்ணாடி இடுக்கில் போட்டாள். அது அடியில் போய் விழுகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு வாசலுக்குப் போனாள்.