சந்தேகம் இருந்தால் 'ஆம்'

கெர்னல் வேலை பார்க்கிறாள் என்று அவள் கணவன் தன் அக்காவிடம் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் கர்னல். நாத்தனாருக்கு இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் இல்லை. தம்பி பெண்டாட்டிக்குப் பட்டாளத்துப் பதவிதான் பொருத்தம் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். "கர்னலு, கதவைச் சாத்தும்மா", "கர்னலு, என் கண்ணாடியப் பாத்தியா" என்று வீட்டில் நாள் முழுக்க அந்தப் பதவி ஒலித்துக்கொண்டிருக்கும்.

பார்க்கிற வேலையில் பட்டாளத்து மிடுக்கு எதுவும் கிடையாது. உட்கார்ந்த இடத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சிப்புக்கும் அதன் மேல் ஓடும் நிரல்களுக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் மேய்க்கிற அடிப்படை நிரல்தான் கெர்னல். அதைக் கட்டி எடுப்பதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான கேள்விகள் வரும். இது வேண்டுமா, வேண்டாமா? ஆமா, இல்லையா? பெரும்பாலானவை எல்லா இயந்திரத்துக்கும் பொது. ஒரு பகுதி மட்டும் எந்த வகைச் சிப்பு என்பதைப் பொறுத்தது. அந்தப் பகுதிக்குள் போனால், சிப்பைச் செய்தவர்கள் பிற்பாடு கண்டுபிடித்த தங்கள் சொந்தத் தவறுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து. மருந்து வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஒருநாள் அவள் முன்னால் வந்த ஒரு கேள்வி இது: இந்தச் சிப்பின் முதல் பதிப்பில், நேரத்தைப் படிக்கும்போது எப்போதாவது ஒருமுறை தப்பான எண் வரும், ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை படித்துச் சரிபார்க்கவா? அதன் கீழே, எல்லாக் கேள்விக்கும் கீழே இருப்பதைப் போலவே, ஒரு வரி இருந்தது. சந்தேகம் இருந்தால் 'ஆம்' என்று சொல்லவும்.

அவளுக்குச் சந்தேகம் இல்லை. மேசையில் இருந்த மாதிரி மின்சுற்றுப் பலகைகள் ஆறிலும் இரண்டாம் பதிப்புச் சிப்புதான். பலகைகளைப் பழுது பார்க்கும் சால்டர் அண்ணன் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொல்லியிருந்தார். எந்நேரமும் கையில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியோடு திரிவதால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர். இரண்டு தடவை படித்தால் வேகம் குறையும், டீம் லீடர் முகம் சுளிப்பார். அவள் 'இல்லை' என்று அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்தக் கெர்னல், இயந்திரங்களை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளான கன்ட்ரோலர்கள் பதினைந்துக்குள் போனது. அவற்றில் ஒன்று, ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடும் ரோப் காருக்கு.

ஐந்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. நாத்தனாருக்கு அக்கரையில் கண் பரிசோதனை. கர்னல் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு துணைக்குப் போனாள். நாத்தனாருக்கு உயரம் என்றால் ஆகாது. நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டச் சொன்னாலே நாலு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வாள். போகும்போது ஒரு மணி நேரம் பஸ்ஸில் சுற்றித்தான் போனார்கள். திரும்பும்போது, கண்ணில் சொட்டு மருந்து விட்டு உலகமே பால் ஊற்றினதுபோல இருந்ததில் அவளுக்குத் திடீர் தைரியம் வந்துவிட்டது.

"அந்தரத்துல போறதையே போயிடலாம் வா. கண்ணே தெரியாதப்ப கீழ பாத்து என்னத்தப் பயப்படறது?"

"நெஜமாவா அண்ணி?"

"உன் கெர்னல்தான் ஓட்டுதுன்னு சொன்னியே. வீட்டுப் பிள்ளை ஓட்டற வண்டில ஏற பயப்படலாமா?"

அன்று காலையில்தான் நிலையத்தில் பழைய கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியிருந்தார்கள். கர்னல் அதைப் பெருமையாகத்தான் சொல்லியிருந்தாள்.

கூண்டில் எட்டுப் பேர் உட்காரலாம். அவர்கள் இருவரையும் தவிர, கருவிப் பையும் நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாயுமாக ஒரு பிளம்பர் மட்டும் ஏறினார். கதவு மூடியது. கூண்டு மெல்ல நிலையத்தைவிட்டு நழுவி வெளியே வந்ததும் காலுக்குக் கீழே தரை இல்லாமல் போனது. கீறல் விழுந்த கண்ணாடி வழியாகப் பார்த்தால், கீழே பாலத்தில் போகும் லாரி தீப்பெட்டி அளவுதான் இருந்தது. நாத்தனார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எல்லாம் ஒரே பச்சையாத் தெரியுது, நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நடுவழியில் கர்னலின் போன் அடித்தது. சால்டர் அண்ணன்.

"எங்கம்மா இருக்க?"

"ரோப் கார்ல அண்ணே. பாதி தூரம் வந்தாச்சு."

மறுமுனையில் சால்டரிங் கம்பியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவர் அதைக் கீழே வைக்கிற மனிதர் அல்ல.

"என்ன அண்ணே?"

"அந்தப் பதினஞ்சோட சேத்து ஒரு ஸ்பேர் பலகை செஞ்சோம்ல. மூணு நாளா அத ஓடவிட்டு வச்சிருந்தேன். இப்ப பதிவைப் பாத்தா நேரம் குதிச்சிருக்கு. ஒரு தடவை இல்ல, ஒம்போது தடவை. சந்தேகப்பட்டு, சிப்பு மேல ஒட்டியிருந்த சூடு தணிக்கிற தகட்டைப் பேத்தேன். உள்ள முதல் பதிப்பும்மா. சிப்பு கெடைக்கலன்னு எங்கயோ பழைய சரக்க வாங்கியிருக்காங்க. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"பதினஞ்சுமா?"

"ஒரே லாட்டு. எல்லாம் சேந்தே வந்த சரக்கு."

மற்றவர்களுக்குத் தெரியாத கணக்கு அவளுக்குத் தெரியும். கயிறு எவ்வளவு தூரம் ஓடியது, அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துத்தான் கன்ட்ரோலர் வேகத்தைக் கண்டுபிடிக்கிறது. கடிகாரம் திடீரென்று பத்து விநாடி முன்னே தாவினால், கயிறு நின்றேபோய்விட்டது என்று அது நினைக்கும். நின்ற கயிற்றை இழுக்க மோட்டாரை முடுக்கும். வேகம் எல்லை மீறினால் இயந்திர அறையில் இருக்கிற இரும்புப் பிரேக் தானாகவே கவ்வும். அது எந்த நிரலையும் கேட்காது. கயிறு அறாது. ஆனால் முழு வேகத்தில் ஓடுகிற கயிற்றைப் பட்டென்று பிடித்தால், அதில் தொங்குகிற பதினொரு கூண்டும் ஊஞ்சலாக வீசும். தூணுக்குப் பக்கத்தில் இருக்கிற கூண்டு தூணில் போய் அடிக்கும்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு தூண் நின்றது.

"அண்ணே, நீங்க டீம் லீடர்கிட்டச் சொல்லுங்க. மத்த எடத்துக்கெல்லாம் போன் போடச் சொல்லுங்க. நான் இங்க பாத்துக்கறேன்." என்ன பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தானும் துளைபோட்ட ஒலிபெருக்கியும் இருந்தன. அழுத்தினாள். விரல் வழுக்கியது, திரும்ப அழுத்தினாள்.

"சொல்லுங்கம்மா, ஆபரேட்டர்."

"சார், ரோப் காரை உடனே கை இயக்கத்துக்கு மாத்துங்க. மெதுவா ஓட்டுங்க. நிறுத்திடாதீங்க."

"யாரும்மா நீங்க? உயரத்தைப் பாத்து பயந்துட்டீங்களா? எல்லாம் நல்லாத்தான் ஓடுது. கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க, ஆறு நிமிஷம்."

"காலைல மாட்டின கன்ட்ரோலர்ல ஓடற கெர்னலைக் கட்டினது நான்தான். அதுல தப்பு இருக்கு. நான் பண்ணின தப்பு."

சொன்ன பிறகுதான், கூண்டில் இருந்த மற்ற இருவரும் தன்னையே பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

ஒலிபெருக்கியில் மூச்சு இரைந்தது. "மேடம், சூப்பர்வைசர் சொல்லாம நான் கைக்கு மாத்தக் கூடாது. பதினோரு கூண்டுல எழுபது பேருக்கு மேல இருக்காங்க. நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க திரையில கீழ் மூலையில ஒரு எண் இருக்கும் பாருங்க. நாலு புள்ளி பத்தொம்போதுல ஆரம்பிச்சு ஆர் ரெண்டுன்னு முடியும். ரெண்டாம் பதிப்புன்னு நினைச்சு நான்தான் அந்த ஆர் ரெண்டைப் போட்டேன். உள்ள இருக்கறது..."

கூண்டு பாய்ந்தது.

யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியதுபோல அவள் கதவில் போய் மோதினாள். மேலே கயிறு ஊளையிட்டது. பிளம்பரின் குழாய் உருண்டு கண்ணாடியில் அடித்தது. தூண் அவர்களை நோக்கி ஓடிவந்தது. நாத்தனார், "ஐயோ, என்னடி இது, என்னடி இது" என்று காற்றில் கையைத் துழாவினாள். மூன்று விநாடி இருக்கும். பிரேக் கவ்வப்போகிறது, இதோ இப்போது, இதோ என்று கர்னல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கவ்வவில்லை. வேகம் தானாகவே இறங்கியது. கூண்டு தூணின் உருளைகள் மேல் தடதடவென்று ஏறிக் கடந்து அந்தப் பக்கம் வந்து ஆடியது.

"ஸ்பீட் முள்ளு குதிச்சுது," என்றது ஒலிபெருக்கி. அந்தக் குரல் இப்போது வேறு ஆளுடையதுபோல இருந்தது. "எல்லைக் கோட்டைத் தொட்டுட்டு இறங்குச்சு."

"அடுத்த தடவை தாண்டிடும் சார். எப்ப வரும்னு சொல்ல முடியாது. ஒரு நிமிஷத்துலயும் வரலாம்."

ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு கனமான நெம்புகோல் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கூண்டு தளர்ந்து, நடை வேகத்துக்கு இறங்கியது.

"மாத்திட்டேன்," என்றார். "வேலை போனா உங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவேன்."

அடுத்த இருபத்தேழு நிமிடம் அவர் கையால் ஓட்டினார். இனி கடிகாரம் எப்படித் தாவினாலும் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் உடம்பு கேட்கவில்லை. ஒவ்வொரு தூணிலும் உருளை கடகடக்கும்போது தோள்கள் காதுவரை ஏறின. பிளம்பர் குழாயைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, "நான் வாழ்க்கையில எத்தனையோ லீக்கை அடைச்சிருக்கேன், இப்ப எனக்கே லீக் ஆயிடும் போலிருக்கு" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

"கண்ணு தெரியலன்னாலும் காது கேக்குது கர்னலு. நீ தப்பு பண்ணினேன்னு சொன்னியே, என்ன பண்ணின?"

"ஒரு கேள்விக்கு இல்லைன்னு சொல்லிட்டேன் அண்ணி."

"தெரியாமச் சொன்னியா?"

"தெரிஞ்சுதான். அன்னிக்கு அது சரியான பதில்."

நாத்தனார் பிடியை இறுக்கினாள். பிறகு, "எனக்கு இப்பதான் பயமா இருக்கு" என்றாள். அவளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டபோது கர்னலுக்கு, நடுங்குவது யார் உடம்பு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நிலையத்தில் இறங்கியதும் நாத்தனாரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இயந்திர அறைக்குப் போனாள். எண்ணெய் நாற்றம். ஆபரேட்டர் ஐம்பது வயதுக்காரர். கடைசிக் கூண்டு ஆளிறங்கும்வரை நெம்புகோலை விடவில்லை. விட்ட பிறகும் விரல்கள் வளைந்தே இருந்தன. இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அப்புறம் ஒரு தடித்த பதிவேட்டை எடுத்துத் தேதியும் நேரமும் எழுதினார். 'காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"காத்துன்னு போட்டுடலாமா மேடம்?" என்றார் தணிந்த குரலில். "பலமான காத்து அடிச்சா நானே கைக்கு மாத்தலாம், அதுக்கு விதி இருக்கு. எனக்கும் வம்பு இல்ல, உங்களுக்கும் வம்பு இல்ல. காத்தைக் கூப்பிட்டு யாரு விசாரிக்கப் போறா?"

அவளுக்கு வீட்டுக் கடன் இருந்தது, வேலையில் நல்ல பெயர் இருந்தது. ஆமாம், அப்படியே போடுங்க என்று சொல்ல வாய் தயாராகவே இருந்தது. மேலே அந்தரத்தில் பயந்ததைவிட இந்த அறையில், தரையில் நின்றுகொண்டு, அதிகம் பயந்தாள்.

"இதே சிப்பு இன்னும் பதினாலு எடத்துல ஓடுது சார். காத்துன்னு எழுதினா நாளைக்கு இதே கன்ட்ரோலரைத் திரும்ப ஓட விட்டுடுவாங்க."

பேனாவை வாங்கி, 'கெர்னல் கட்டும்போது தவறான தேர்வு, சிப்பின் பதிப்பு மாறியது சரிபார்க்கப்படவில்லை' என்று எழுதி, கீழே தன் பெயரையும் போன் எண்ணையும் போட்டாள். அவசரத்தில் எழுத்து கோணிக்கொண்டது. ஆபரேட்டர் அதைப் படித்துவிட்டு, அதன் கீழே, 'மேற்படி நபர் கேட்டதன்பேரில் நானே கை இயக்கத்துக்கு மாற்றினேன்' என்று தானும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ரோப் கார் ஒன்பது நாள் ஓடவில்லை. மற்ற பதினான்கு இடத்திலும் கன்ட்ரோலர்களைக் கழற்றினார்கள். ஒரு கிடங்கு லிஃப்டில் நேரம் இருபத்திரண்டு முறை தாவியிருந்தது. ஆள் ஏறாத லிஃப்ட் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. விசாரணையில் கொள்முதல் பிரிவும் டீம் லீடரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். அவளுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கிடைத்தது. ஆபரேட்டரை இரண்டு வாரம் வீட்டில் உட்காரவைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் சாப்பிட வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரே போன் செய்து அழைத்துப் பார்த்தும் வரவில்லை.

அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று மாற்றிக் கெர்னலைத் திரும்பக் கட்ட அவளுக்குப் பதினெட்டு நிமிடம் ஆனது. வேகம் கொஞ்சம் குறைந்தது. டீம் லீடர் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவளால் பழையபடி வேலை செய்ய முடியவில்லை. 'இல்லை' மேல் வைத்த விரலை எடுத்துவிட்டுக் கேள்வியை மறுபடி முதலிலிருந்து படித்தாள். கடைசியில் ஒரு நோட்டை வாங்கிக்கொண்டு, சிப்பைப் பொறுத்த பகுதியில் தான் சொல்லியிருந்த 'இல்லை' ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்திலேயே காரணத்தையும் எழுத ஆரம்பித்தாள். மொத்தம் நூற்று அறுபத்து மூன்று. முதல் நாற்பதுக்குக் காரணம் உடனே வந்தது. நாற்பத்தொன்றில் நின்றாள். மின்சாரம் சட்டென்று குறைந்தால் நினைவகத்தில் எழுதுவதைப் பற்றிய கேள்வி அது. எப்போது சொன்னாள், எதைப் பார்த்துச் சொன்னாள், ஒன்றுமே நினைவில்லை. காலைவெயில் மேசைமேல் விழுந்திருந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து சால்டர் அண்ணன் மேசைக்குப் போனாள்.

"அண்ணே, கையில இருக்கறதைக் கீழ வைங்க. இன்னொண்ணு இருக்கு."