மட்டையை இறக்காத நிழல்

அந்தச் சர்வதேச மைதானத்தில் சதம் அடித்தவர்கள் எல்லாரும் தங்கள் நிழலை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள். நூறாவது ஓட்டத்துக்காக மட்டையைத் தூக்கியதும் நிழல் புல்லில் ஒட்டிக்கொள்ளும். ஆள் ஆட்டமிழந்து போன பிறகும் மட்டையைத் தூக்கியபடியே கிடக்கும். மதியம் சுருங்கி மாலையில் நீண்டு, மற்ற நிழல்களைப் போலத்தான் நடந்துகொள்ளும். அதற்கடியில் புல் சரியாக வளர்வதில்லை என்பது ஒன்றுதான் மைதானத்தைப் பராமரிப்பவரின் குறை. வெளிநாட்டு வீரர்கள் சிலர் ஊருக்குப் போய் வெகுநாள் கழித்துக் கவனித்துப் புகார் கொடுத்தார்கள். வீரர்களின் சொந்த உடைமைகளுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று மைதான நிர்வாகம் பதில் அனுப்பியது.

உள்ளூர்த் தொடக்க ஆட்டக்காரர் தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் அங்கே தன் முதல் சதத்தை அடித்தார். எந்தப் பந்தையும் அடிக்காமல் தடுத்துக் கட்டை போடுவார் என்பதால் ரசிகர்களுக்கு அவர் பெயரே கட்டை. மனைவி கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவர் ஒரு சந்தேகப் பிராணி. பரிசோதனைக்கு வந்தவர் எழுத்துகளைத் தடுமாறாமல் படித்துவிட்டால், மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்துவிட்டாரோ என்று அட்டையை மாற்றி மாட்டுவார். கணவர் சில மாதங்களாக மொட்டைமாடிக்குப் போய்ப் போனில் கிசுகிசுப்பதைப் பார்த்து, இன்னொருத்தி இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். கணவர் பேசியதெல்லாம் அணித் தேர்வாளரிடம். அடுத்த ஆட்டத்திலும் சொதப்பினால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்று அவர் சொல்லியிருந்தார். அதை மனைவியிடம் சொல்ல இவருக்கு வெட்கம்.

சதம் அடித்த அந்த ஆட்டத்தன்று காலை, "நான் வரல. யாரைக் கூப்பிடணுமோ அவளையே கூப்பிட்டு உக்கார வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மனைவி கடைக்குப் போய்விட்டார். மதியம் கடை டிவியில் பார்த்தால், சதம் அடித்த மனுஷன் சக வீரர்கள் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. கேலரியின் ஒரு மூலையைப் பார்த்து மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மறுநாள் மாடியில் துணி காயப்போடும்போது கணவருக்கு நிழலும் இல்லை. நிழலையே விட்டுவிட்டு வருமளவுக்கு அங்கே எவள் உட்கார்ந்திருந்தாள் என்று மனைவி கேட்டார். "சொன்னா மட்டும் நம்பவா போறே?" என்று கணவர் சட்டையை உதறினார். அத்தோடு பேச்சு நின்றது. மனைவி அம்மா வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டினார். கிளம்பும் முன், நிழலின் மட்டை எந்த இடத்தைக் காட்டுகிறது என்று பார்த்து அவள் யாரென்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மைதானத்துக்குப் போனார்.

வெயில் சாயச் சாயக் கணவரின் நிழல் நீண்டது. மட்டையின் நுனி எல்லைக்கோட்டைத் தாண்டி, வேலியில் ஏறி, படிப்படியாக மேலே போனது. மனைவி பக்கத்திலேயே நடந்தார். கடைசியில் அது ஒரு நாற்காலியில் போய் நின்றது. ஆட்டத்தன்று இங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேலரிக் காவலாளியைக் கேட்டார்.

"யாரும் இல்லம்மா. என் சம்சாரம் கோவம் ஆறி வந்தாலும் வருவா, ஒருத்தரையும் உக்கார விடாதேன்னு ஐயா சொல்லிட்டுப் போனார். நாள் பூரா காலியாவே கெடந்துச்சு."

"இப்படிச் சொல்லச் சொல்லி எவ்வளவு குடுத்தார்?"

"நீங்க வேற! ஒரு டீகூட வாங்கித் தரலம்மா."

கணவரின் கஞ்சத்தனம் தெரிந்தவர் என்பதால் மனைவி உடனே நம்பினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மட்டையின் நிழல் மடியில் விழுந்தது. வந்திருக்கலாமே என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் அழுதுகொண்டிருக்கும்போதே கீழே நிழல் மட்டையை இறக்கியது. பிறகு குனிந்து, அடுத்த பந்துக்குத் தயாராக நின்றது.

இன்றும் மற்ற நிழல்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டிருக்க, அது மட்டும் கட்டை போட்டுக்கொண்டிருக்கிறது. கணவருக்கு நிழல் திரும்பவில்லை. வீட்டில் யாரும் அதைக் கேட்பதும் இல்லை. போன் வந்தால் மட்டும் மாடிக்குப் போகாமல் மனைவியின் எதிரிலேயே உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஏற்பாடு.