அம்மாவை உரித்து வைத்தவள்

பேராதனை ஆஸ்பத்திரிக்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மழை பிடித்துக்கொண்டது. மரியநாயகம் குடையை விரித்து இளைய மகள் றொசானாவின் தலைக்கு மேல் பிடித்தார். மூத்தவள் ஷிராணி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தாள். நாற்பது வயதில் ஒரு குடைக்காகவா பொறாமைப்படுவார்கள்? பட்டாள். வயிறெரியப் பட்டாள்.

அம்மா பியட்றிஸ் மார்புப் புற்றுநோயில் போய் ஒரு வருடமாகிறது. சாவதற்கு முன் எடுத்த இரத்தத்தில், பரம்பரையாக வந்த மரபணுப் பழுது ஒன்று இருப்பது தெரிந்தது. மகள்மார் இரண்டு பேரும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான், கட்டுகஸ்தோட்டைச் சொந்தங்கள் எல்லாம் றொசானாவுக்காக அழத் தொடங்கின. அவள்தானே அம்மாவை உரித்து வைத்தவள்! அதே மூக்கு, அதே சுருள்முடி, சிரித்தால் அதே கன்னக்குழி. அம்மாவின் கல்யாணச் சேலையும் அவளுக்குத்தான் போனது. ஷிராணிக்கு அப்பாவின் நெற்றி, அப்பாவின் தாடை. "நீ எங்க பக்கம்டி, ஒனக்கு ஒன்னும் வராது" என்று அத்தை பஸ்லினா அடித்துச் சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை தோறும் அப்பா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார், றொசானா பெயருக்கு மட்டும். வியாதிக்குக்கூடத் தன்னை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லையே என்று ஷிராணி வெந்தாள். சீ, இதுக்குமா பொறாமை என்று தன்னையே திட்டினாள், திட்டியும் அடங்கவில்லை.

இரத்தம் கொடுத்த அன்றே டொக்டர் நபீல் சொன்னார்தான். "முகம் வேற, இது வேற. ஒடம்புல டிஎன்ஏ தினமும் பழுதாகும். அத திருத்த ஜீன் இருக்கு. அதுல ஒன்னு அம்மாவுக்கு சரியா வேல செய்யல. பிள்ளைகள் ஒவ்வொருத்தருக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு." அப்பா தலையாட்டினார். வெளியே வந்ததும் றொசானாவின் தலையைத்தான் தடவினார்.

இன்று முடிவு சொல்ல முதலில் றொசானாவைக் கூப்பிட்டார்கள். அழுதுகொண்டே வெளியே ஓடி வந்தாள். "எனக்கு இல்லப்பா!"

அடுத்து ஷிராணி உள்ளே போனாள். டொக்டர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஒங்களுக்கு இருக்கு. வியாதி வந்திட்டுன்னு அர்த்தமில்ல. வர வாய்ப்பு மத்தவங்கள விட கூட, அவ்வளவுதான். வருஷா வருஷம் பார்ப்போம். முன்கூட்டியே ஒப்பரேஷன் செய்யவும் வழி இருக்கு."

கதவுக்கு வெளியே அப்பா போனில் பஸ்லினா அத்தையிடம் சத்தமாகப் பேசுவது கேட்டது. "தங்கச்சி, பிள்ள தப்பிருச்சு! அந்தோனியார் கைவிடல!" பிள்ளையாம். இவருக்கு ஒரே ஒரு பிள்ளைதானாக்கும். அழகையெல்லாம் அள்ளி அவளுக்குக் கொடுத்துவிட்டு இதை மட்டும் எனக்கு வைத்தாயே அம்மா என்று ஷிராணிக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த நேரத்தில் தங்கச்சியின் முகம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. தங்கச்சியின் இரத்தம்தான் வேண்டியிருந்தது.

வெளியே வந்தாள். றொசானா ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஒனக்கும் இல்லதானே?"

"அம்மாவுக்கு இருந்தது எனக்கு வந்திருக்கு."

போனுக்குள் பஸ்லினா அத்தை இன்னும் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். மரியநாயகம் அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் மூத்தவளிடம் வந்தார். அவள் நெற்றியை, கண்களை, தாடையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்குள் எங்கேயோ இருக்கும் பியட்றிஸைத் தேடினார். இப்படி ஒரு பார்வைக்காக வாழ்க்கை முழுக்க ஏங்கியவள், ஈர முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டு நின்றாள்.