கமராவின் இடது கண்

என் கண் பொல்லாத கண் என்று எங்கள் பாலைவன ஊர் தூஸின் சந்தைக்கே தெரியும். தெரியவைத்த புண்ணியவான் பக்கத்து வீட்டு பல்காசெம். அவருடைய வேட்டைநாய் கமராவின் இடது கண் என்னால்தான் கெட்டதாம்.

நான் பார்த்தது உண்மைதான். என் பெட்டைநாய் செத்துப்போன சமயம். அவர் வாசலில் எட்டிப் பார்த்தால், கண் திறந்து தவழும் குட்டிகளில் ஒன்று, அதுதான் கமரா, நிமிர்ந்து என்னையே பார்த்தது. "அடியம்மா, என்ன கண்ணு!" என்றேன். கண் படாமலிருக்கச் சொல்லும் மாஷா அல்லாஹ் வாயில் வரவில்லை. வயிறு எரியும்போது அதெல்லாம் எங்கே வரும்?

மறுநாளே பல்காசெம் அந்தக் குட்டியின் இடது கண்ணைத் தோல் துண்டால் மூடிக் கட்டிவிட்டார். குழந்தை கன்னத்தில் மை வைப்பதுபோலத்தான். ஊனக் குட்டி என்று நினைத்துவிட்டால் யார் கண்ணும் படாது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்வரை அவர் கட்டை அவிழ்க்கவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் கமராவை முதன்முதலாக ஊர் முன்னால் முயல் பின்னே ஓடவிட்டார். வாய்க்காலைத் தாண்டப் போன கமரா தூரம் தெரியாமல் நடுவிலேயே விழுந்தது. ஏறி வந்து, இடப்பக்கம் நின்ற பேரீச்ச மரத்தில் முட்டிக்கொண்டது. கூட்டம் கெக்கலித்தது.

"சிரிக்கிறீங்களா?" பல்காசெம் என் பக்கம் கையை நீட்டினார். "இதோ நிக்கிறா பாருங்க சால்ஹா, இவ பார்த்த பார்வைதான்! மாஷா அல்லாஹ் சொல்லாம வெறிச்சு வெறிச்சுப் பார்த்தா!"

பொறாமைப்பட்டது நிஜம் என்றால் மிச்சமும் நிஜமாக இருக்கலாமே என்று கூனிக்குறுகி வீட்டுக்கு வந்தேன்.

வீடு என் தம்பியுடையது. அவன் மனைவி வசீலாவுக்கு அப்போதுதான் லமீன் பிறந்திருந்தான். அன்று முதல் அவன் முகத்தில் ஒரு வெள்ளைத் துணி விழுந்தது.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. ஊரே சொல்லுதே."

நான் நாள் முழுக்க வீட்டில் இருப்பவள். அதனால் துணியும் நாள் முழுக்க இருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிள்ளையில்லாத நான், அவள் லமீனுக்குப் பால் கொடுப்பதைப் பார்த்து உள்ளுக்குள் புழுங்கியதுண்டு. அது எனக்கு மட்டும் தெரியும். தரையைப் பார்த்தே நடமாடினேன், சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டேன்.

வியாழச் சந்தைக்கு மாட்டு டாக்டர் ரௌதா வந்திருந்தாள். ஊசி போட என் ஆடுகளோடு நின்றபோது பல்காசெம் கமராவை இழுத்துக்கொண்டு நுழைந்தார்.

"டாக்டரம்மா, பாருங்க. இது கண்ணேறுதான்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

டாக்டர் கமராவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். அதன் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு எலும்பை ஆட்டினாள். கமரா சும்மா நின்றது. இடது கண்ணைப் பொத்தினாள். எலும்பு போன பக்கமெல்லாம் தலை போனது.

"கண்ணுல ஒரு குறையும் இல்ல. சின்னதுல இந்தக் கண்ணை ஏதாச்சும் மூடியிருந்துதா?"

பல்காசெம் தாடியைச் சொறிந்தார். யாரோ பின்னாலிருந்து, "பல்லு முளைக்கிற வரைக்கும் தோல் கட்டியிருந்தாரே!" என்றான்.

"கெடுத்தீங்க போங்க! அந்த வயசுலதான் மூளை பாக்கக் கத்துக்கும். இந்தக் கண்ணுலேர்ந்து அதுக்கு ஒண்ணுமே வரல. மூளையில இதோட இடத்தையும் சேர்த்து அந்தக் கண்ணு எடுத்துக்கிச்சு. இப்ப திறந்து வச்சு என்ன பண்ண?"

"சரி பண்ண முடியாதா?"

"இவ்வளவு வளர்ந்தப்புறம் கஷ்டம். ஆட்டுக்குட்டிக்கும் இதே கதைதான். மனுஷக் குட்டிக்கும்தான்."

பல்காசெமின் காது சிவந்தது. "நான் ஏன் மூடினேன்? இவ கண்ணுக்குப் பயந்துதானே மூடினேன்!" என்று என்னைக் காட்டிவிட்டு, கமராவை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

பழியிலிருந்து பிழைத்தோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனுஷக் குட்டிக்கும் என்றது மட்டும் காதில் நின்றது. ஆடுகளை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

வசீலா என்னைக் கண்டதும் பழக்கதோஷத்தில் துணியைச் சரிசெய்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது தோல் அண்ணி. இது மெல்லிசுத் துணிதானே."

"அவனுக்கு வெள்ளையைத் தவிர என்னடி தெரியும்? எடு அதை."

அவள் துணியின் நுனியைப் பிடித்தாள், எடுக்கவில்லை. "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா நீங்க..." என்று நிறுத்தினாள்.

அவள்மேல் தப்பில்லை. என்னை எனக்கே நம்பிக்கையில்லாதபோது அவள் எப்படி நம்புவாள்?

"நான் கண்ணை மூடிக்கிறேன். நீ எடு. அவன் பாக்கட்டும்."

சுவரோரம் உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டேன். துணி விலகிய சத்தம் கேட்டது. லமீன் காலை உதைத்தான். 'ங்கு' என்றான்.

"உங்களைத்தான் பாக்குறான் அண்ணி," என்றாள் வசீலா.

நான் கண்ணைத் திறக்கவில்லை.