17 ஏ ஜன்னலில் மீதம்

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினேன். இரண்டு டம்ளரில் காபி ஊற்றினேன். ஒன்றைக் குடித்தேன். மற்றதை ஆறவிட்டுச் சிங்க்கில் கொட்டினேன். இரண்டு டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்தேன்.

பால் பாக்கெட்டோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. விமானச் சுத்த அலுவலகம் அனுப்பியது.

"பயணி பிரதீபாவின் தலை 17 ஏ ஜன்னலில் மீதம் உள்ளது. கணவர் நேரில் வந்து துடைத்துத் தரவும். துணி இணைத்துள்ளோம்."

துணி மஞ்சள் நிறம். புதியது.

இந்தக் கடிதம் எல்லோருக்கும் வருவதுதான். மாடி வீட்டுக்காரருக்குப் போன வருஷம் வந்தது. அவருடைய அப்பா ஒரு சீட்டின் கைப்பிடியில் மீதம் இருந்தார். போய்த் துடைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்.

பிரதீபா என் மனைவி. எட்டு மாதத்துக்கு முன்பு தில்லியிலிருந்து கோயம்புத்தூர் வந்த விமானத்தில் 17 ஏ-வில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். இறங்கும்போது எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். வயது இருபத்தொன்பது.

துணியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். துடைக்கக் கூடாது என்று படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

விமானத்துக்குள் போகும் குழாய் வழி நடக்க நடக்க நீண்டது. பாதியில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதற்கு அப்புறம் ஒரு வேகத்தடை இருந்தது. உள்ளே நுழைந்தபோது மணி மூன்று.

விமானம் எட்டு மாதமாக அங்கேயே நின்றிருந்தது. ஒரு ஜன்னல் சுத்தமாகாவிட்டாலும் கிளம்பக் கூடாது என்பது விதி. தில்லிக்குப் போகிறவர்கள் பெல்ட் போட்டபடி காத்திருந்தார்கள். ஆண்களுக்குத் தாடி நெஞ்சுவரை இருந்தது.

நான்காம் வரிசையில் ஒரு அம்மா என் கையைப் பிடித்தார்.

"வந்துட்டீங்களா தம்பி? எம்பொண்ணு வளைகாப்புக்குன்னு ஏறுனனுங்க. பேத்தி இப்பத் தவழுறாளாம்."

"இறங்கிப் போயிருக்கலாமே."

"எறங்குனா ஜன்னல் சீட்டு போயிருமுங்க."

பதினேழாம் வரிசைக்குப் போக இன்னும் நாற்பது நிமிஷம் ஆனது. அங்கே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் சுத்த அதிகாரி தணிகாசலம். கையில் ஈரத்தாள் பாக்கெட் வைத்திருந்தார். ஒவ்வொரு வாக்கியமும் பேசி முடித்ததும் ஒரு தாளை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர் துப்புரவுப் பணியாளர் செல்லக்கிளி. இடுப்பில் நீலக் கையுறைகளைச் செருகியிருந்தார்.

ஜன்னலின் நடுவில், சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்த் தடம். ஒரு பக்கத்து நெற்றி. வகிடு இருந்த இடத்தில் மெல்லிய கோடு. காதுக்கு மேலே இருக்கும் பொடிமுடியின் கீறல்கள். தடத்தின் வழியாக வந்த வெயில் மட்டும் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது.

"எட்டு மாசமா இதச் சுத்தியே தொடச்சிட்டு இருக்கறனுங்க" என்றார் செல்லக்கிளி. "சுத்தியும் எப்படிப் பளபளன்னு இருக்குது பாருங்க. அத மட்டும் நான் தொடக் கூடாதாமா. வீட்டு ஆளுங்கதான் தொடைக்கோணுமாமா."

"துடைங்க" என்றார் தணிகாசலம். முகத்தைத் துடைத்தார். மீசையின் இடது பாதி தாளோடு போய்விட்டது.

"மாட்டேன்."

"விதி நாலு. ஒரு பயணி இறங்கின பிறகு, அவர் ஏறினதுக்கான அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது." மீசையின் வலது பாதியும் போய்விட்டது.

"அவள் இறங்கவில்லை. இறக்கினார்கள்."

"விதியில ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்படியானால் என்னையும் துடையுங்கள். அன்றைக்கு 17 பி-யில் நான் இருந்தேன்."

செல்லக்கிளி தலையை ஆட்டினார். "உங்களோடத அன்னிக்கே தொடச்சாச்சுங்க. ஒரே இழுப்பு. சுத்தமாப் போயிருச்சு."

"தெரியும்" என்றேன்.

பின் வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். "ஏனப்பா, ஒரு ஜன்னலத் தொடைக்க முகூர்த்தம் பாக்கறியா?"

"மூடிட்டு இருய்யா" என்றார் செல்லக்கிளி, அந்தப் பக்கம் திரும்பாமலே. "நீ நேத்து முறுக்குத் தின்ன சீட்டுக்கு அடியில வந்து பாரு. அப்பறம் பேசு."

நான் 17 பி-யில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டேன். தோள் தடத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் இருக்கும்படி திரும்பிக்கொண்டேன்.

பிரதீபா இப்படி உட்கார மாட்டாள். எங்கே போனாலும் முதலில் துடைப்பாள். பஸ் சீட்டு, தியேட்டர் கைப்பிடி, என் அம்மா வீட்டு நாற்காலி. நாற்காலியை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை. அவள் கைப்பையில் எப்போதும் ஈரத்தாள் பாக்கெட் இருக்கும். அன்றைக்குத் தீர்ந்துபோயிருந்தது.

தணிகாசலம் குனிந்தார். "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இது கறையா, பயணியா?"

"கறையென்றால்?"

"துடைக்கணும்."

"பயணியென்றால்?"

"சீட்டுல இருக்கலாம். பாரம் ஒன்பதுன்னு ஒரு படிவம், அதை நிரப்பணும்."

"பயணி" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்தார். இரண்டு புருவங்களும் போயின. பாரம் ஒன்பதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பேர்?"

"பிரதீபா."

"எடை?"

செல்லக்கிளி தராசைக் கொண்டுவந்து ஜன்னலுக்குக் கீழே பிடித்தார். முள் அசையவில்லை.

"இல்லை" என்று எழுதினேன்.

"சாப்பாடு?"

"சைவம்."

"கைச்சுமை?"

"நான்" என்றேன்.

அதை எழுத அவர் என்னை அனுமதித்தார். பிறகு ஒரு காகிதத்தைப் பிரித்தார். "பரிசோதனை முடிவு வந்திருக்கு. தேங்காய் எண்ணெய் அறுபது பங்கு. கடுகெண்ணெய் நாற்பது பங்கு. உங்க மனைவி கடுகெண்ணெய் வைப்பாங்களா?"

நான் செல்லக்கிளியைப் பார்த்தேன். அவர் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார்.

"எப்போதாவது" என்றேன்.

"கோயம்புத்தூர்லயா?"

"தில்லியில்."

அவர் மூக்கைத் துடைத்தார். மூக்கு போய்விட்டது. பாரத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார்.

பாரத்தில் ஒரு கட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. மேலே அச்சடித்திருந்தார்கள்: "பயணி கடைசியாகப் பேசியது. கறைகள் பேசுவதில்லை என்பதால் இது கட்டாயம்."

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. பிரதீபாவின் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் கேட்டார். "முருகா என்றாள்" என்றேன். அவர் அழுகை கொஞ்சம் நின்றது. அப்புறம் யார் கேட்டாலும் அதையே சொன்னேன். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொன்னார்கள். புண்ணியம் செய்தவள் என்றார்கள். எட்டு மாதத்தில் அந்தப் பதில் நன்றாகப் பளபளத்துவிட்டது.

பேனாவை எடுத்து "முருகா" என்று எழுதினேன்.

ஜன்னலில் தடத்தின் ஓரம் வெளுத்தது. முதலில் பொடிமுடியின் கீறல்கள் போயின. பிறகு வகிட்டின் கோடு. கண்ணாடி உள்ளே நோக்கிச் சுத்தமாகிக்கொண்டே வந்தது. எஞ்சின் உறுமியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான்காம் வரிசை அம்மா பேத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"எழுதுனத அடிச்சு விடுங்க தம்பி!" என்றார் செல்லக்கிளி. "சீக்கிரம்! அவங்க போறாங்க!"

அடித்தேன். காகிதம் கிழியும்வரை அடித்தேன். எஞ்சின் நின்றது. கோடு திரும்ப வந்தது. கீறல்களும் ஒவ்வொன்றாக வந்தன. எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.

நூறு பேர் என்னைத் திட்டினார்கள். என் படிப்பைத் திட்டினார்கள். முறுக்குக்காரர், ஜன்னலைப் பெயர்த்து வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். நான் பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"நாளைக்கும் இங்கேதான் இருப்பேன்" என்றேன். "நாளன்றைக்கும்."

"சுத்தமான பதில் எழுதினா சுத்தமாத்தான் ஆகும்" என்றார் தணிகாசலம். இப்போது அவர் முகத்தில் வாய் மட்டும் இருந்தது. "அவங்க நிஜமாச் சொன்னதை எழுதுங்க. எழுதலைன்னா அது கறைதான்." வாயைத் துடைத்தார். அதன் பிறகு அவர் பேசவில்லை. ஆனால் பாரத்தை நீட்டியபடியே நின்றார். முகம் கழுவிய தட்டு மாதிரி இருந்தது.

செல்லக்கிளி சீட்டின் முதுகில் சாய்ந்துகொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங், எழுதறதுக்கு என்ன? கெட்ட வார்த்தையா?"

"இல்லை."

"உங்களத் திட்டுனாங்களா?"

"இல்லை."

"அப்பறமென்ன?"

"எழுதினால் கடுகெண்ணெய் யாருடையது என்று தெரிந்துவிடும்."

அவர் தடத்தின் பக்கம் குனிந்தார். "அதுக்கு முன்னால வேற ஒருத்தரு சாஞ்சிருக்காங்க. அதானே? எனக்கு மொத நாளே தெரியுமுங்க. அன்னிக்கு அதத் தொடைக்க எனக்கு நேரம் பத்தலீங்க. ஒரு விமானத்துக்கு இருவது நிமிசம்."

"அந்த நாற்பது பங்கைத் துடைக்கச் சொல்வார்கள்."

"எந்த நாப்பதுன்னு கேளுங்க" என்றார் செல்லக்கிளி. "நானே இருவத்தி ரெண்டு வருசமாத் தொடைக்கறேன். எனக்கே பிரிக்கத் தெரியாது. மேல ஒருத்தரு, கீழ ஒருத்தரு. வழிச்சா ரெண்டும் சேந்துதான் வரும். இவிங்க எப்படிப் பிரிப்பாங்க?"

நான் மஞ்சள் துணியை எடுத்தேன். விமானத்தில் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். அதை நான்காக மடித்தேன். பாரத்துக்கு அடியில் வைத்து எழுதத் தோதாக்கிக்கொண்டேன். கிழிந்த இடத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது.

அன்றைக்கு அவள் உட்கார்ந்தாள். பெல்ட் போட்டாள். கைப்பையைத் துழாவினாள். என்னைக் கேட்டாள். என் சட்டைப் பையில் போர்டிங் பாஸ் மட்டும்தான் இருந்தது. இல்லை என்றேன். அவள் ஜன்னலை ஒருமுறை முறைத்துவிட்டு அதிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அவள் சொன்னதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல், பெரிய எழுத்தில் எழுதினேன்.

"எவனோ எண்ணெத் தலைய இதுல தேச்சுட்டுப் போயிருக்கான், கருமம். ஏங்க, தொடைக்க ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"